பாண் வண்டியில் வந்த பீத்தோவன்

சென்ற வருடம் ஒரு பின்னேரம், சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தரம் 11 மாணவிகளுக்கு மேலதிக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் பிரான்சியப் புரட்சி. நெப்போலியன் முடியை எடுத்துத் தன் தலையில் தானே சூடிக்கொண்ட இடத்துக்கு வந்தபோது, பாடசாலை மதிலுக்கு வெளியே பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் வழக்கமான மெட்டை ஒலித்தபடி போனது. பசி நேரம். எல்லார் கண்ணும் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

அவர்களைப் பாடத்துக்குத் திருப்புவதற்காக, "இந்த மெட்டைச் செய்தவரும் நெப்போலியன் காலத்து ஆள்தான். நெப்போலியன்மேல் கோபப்பட்டவர்" என்றேன்.

"யார் டீச்சர், பாண்காரரா?" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

லுட்விக் வான் பீத்தோவன் என்று கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் எனக்குத் தெரிந்த வேறு சில பெயர்களையும் எழுதினேன்: பாக், மொசார்ட், மெண்டெல்சோன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கொஞ்ச நேரம் அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் ஆம்பிளைகள்தானா டீச்சர்? பொம்பிளைகள் ஒருத்தரும் எழுதல்லையா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த மாணவி இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறாள். தாமதமாக வந்தாலும், இக்கட்டுரை அவளுக்கான பதில்தான். மற்ற மாணவிகளும், சஞ்சிகையை வீட்டில் எடுத்துப் பார்க்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் இதைப் படிக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவள். இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே வெவ்வேறு கருத்துகள் உள்ளன. அதனை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுதுவது வரலாறு. ஒரு படைப்பு எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பிழைக்கிறது, எப்படித் தொலைகிறது என்பதே இங்கு நமது பாடம்.

பாண் மெட்டின் கதை

நம் தெருக்களில் கேட்கும் அந்த மெட்டின் பெயர் 'எலிஸுக்காக'. பீத்தோவன் அதனை 1810இல் பியானோவுக்காக எழுதினார். முழுவதையும் வாசிக்க ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் எடுக்கும். நாம் கேட்பது அதன் முதற் பகுதியின் தொடக்கத்தை மட்டுந்தான். அப்பகுதி மூன்று முறை வரும். இரண்டு முறை வேறு பகுதிகள் இடையில் வந்து அதனை விலக்கிவைக்கும். முதல் இடைப்பகுதி மகிழ்ச்சியானது. இரண்டாவதில் இடக்கை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்து ஒரு கலக்கத்தை உண்டாக்கும். அதன் பின்னர் பழைய மெட்டு மெதுவாகத் திரும்பி வரும். ஒரு பகுதி இவ்வாறு திரும்பத் திரும்ப வருகின்ற அமைப்புக்கு மேலைத்தேய இசையில் 'ரொண்டோ' என்று பெயர்.

உலகமே அறிந்த இந்த மெட்டு பீத்தோவனின் வாழ்நாளில் அச்சில் வரவேயில்லை. அவர் இறந்தது 1827இல். அதன் பின்னர் ஏறக்குறைய நாற்பது வருடங்கள் அது ஒரு தாளில் யாரும் அறியாமல் கிடந்தது. ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒரு பெண்ணிடம் இருந்த அந்தத் தாளை லுட்விக் நோல் என்ற ஆய்வாளர் கண்டு, பார்த்து எழுதிக்கொண்டு, 1867இல் வெளியிட்டார். பிறகு பீத்தோவனின் மூலத் தாள் காணாமற் போய்விட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. எலிஸ் என்பவர் யார் என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஒரு பெண் ஒரு தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஒருவர் அதைப் பிரதி எடுத்தார். இந்த இரண்டில் ஒன்று நடக்காமற் போயிருந்தாலும் நமது பாண்காரர் வேறு ஏதாவது மெட்டோடுதான் வந்திருப்பார். இதை வாசித்தபோதுதான் அந்த மாணவியின் கேள்விக்கு எங்கே பதில் தேட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. பெரிய பெயர்களைப் பார்த்தால் போதாது, கொப்பிகளைப் பார்க்க வேண்டும்.

கோடுகளில் எழுதப்பட்ட ஓசை

உலகின் பல இசை மரபுகள் வாய்வழியாக, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் சென்றவை. ஐரோப்பாவின் தேவாலய இசையும் முன்பு அப்படித்தான் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிடோ என்ற துறவி, பாடல்களைப் படிப்பிக்கப் பல வருடங்கள் வீணாவதைக் கண்டு, கோடுகளின் மேலும் கோடுகளுக்கு இடையிலும் சுரங்களைக் குறிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உயரமான சுரம் மேலே, தாழ்வான சுரம் கீழே. முன்பு பத்து வருடங்கள் எடுத்த படிப்பை ஒன்றிரண்டு வருடங்களில் முடிக்கலாம் என்பது அவருடைய கருத்து. அவர் பயன்படுத்திய நான்கு கோடுகள் பிற்காலத்தில் ஐந்தாகின. இன்று மேலைத்தேய சங்கீதம் பயிலும் பிள்ளைகளின் புத்தகத்தில் இருப்பவை அவைதான்.

இதனால் ஒரு புதிய நிலை உண்டானது. இசையமைத்தவரை ஒருபோதும் காணாத ஒருவர், வேறொரு நாட்டில், முன்னூறு வருடங்களுக்குப் பிறகும் அந்த இசையை மீட்டெடுக்கலாம். ஆனால் அதற்குத் தாள் பிழைத்திருக்க வேண்டும். எழுதப்பட்டது நிலைக்கும், எழுதப்படாததும் எறியப்பட்டதும் இல்லாமற் போகும். மேலைத்தேய இசையின் பலமும் பலவீனமும் இதுதான்.

நிலவொளியில் ஒரு சிறுவன்

மேலைத்தேய இசை வரலாற்றில் ஏறக்குறைய 1600 முதல் 1750 வரையான காலத்தைப் பரோக் காலம் என்பர். அதன் சிகரம் யொஹான் செபஸ்தியன் பாக் (1685 - 1750). பத்து வயதாவதற்குள் தாயையும் தந்தையையும் இழந்தவர். அவரைத் தம் வீட்டில் வைத்து வளர்த்த மூத்த சகோதரரிடம் ஓர் அரிய இசைக் கொப்பி இருந்தது. தம்பிக்கு அதைக் கொடுக்க அண்ணனுக்கு விருப்பமில்லை. கிராதிக் கதவுள்ள அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். சிறுவன் இரவில் தன் சிறிய கையைக் கிராதிக்குள் விட்டு, கொப்பியைச் சுருட்டி வெளியே எடுத்து, மெழுகுவர்த்தி இல்லாத படியால் நிலவு வெளிச்சத்தில் ஆறு மாதங்கள் இருந்து முழுவதையும் பிரதி எடுத்தான். அண்ணன் கண்டுபிடித்து, அந்தப் பிரதியையும் பறித்துக்கொண்டார். பாக் இறந்த பின்னர் அவரைப் பற்றி வெளிவந்த இரங்கற் குறிப்பில் உள்ள கதை இது.

வளர்ந்த பின் அவருக்கு வாய்த்த பிரதியாளர் வேறொருவர். அவருடைய இரண்டாவது மனைவி அன்னா மக்டலேனா, அரசவையில் சம்பளத்துக்குப் பாடிய தேர்ந்த பாடகி. 1721இல் திருமணம். பெரிய குடும்பம், ஓயாத வேலை. இவற்றுக்கு மத்தியில் கணவரின் இசைப்பிரதிகளை அவர் உட்கார்ந்து எழுதினார். அவருடைய கையெழுத்து கணவரின் கையெழுத்தைப் போலவே ஆகிவிட்டதால், பிற்கால ஆய்வாளர்கள் இரண்டையும் வேறுபடுத்தத் திணறினார்கள்.

பாக் தனிச் செலோ என்னும் வாத்தியத்துக்காக எழுதிய ஆறு தொகுப்புகள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவற்றின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. நமக்குக் கிடைத்திருக்கும் முதன்மையான ஆதாரம் அன்னா மக்டலேனாவின் கைப்பிரதி. நெடுங்காலம் வெறும் பயிற்சிப் பாடங்களாகக் கருதப்பட்ட இவற்றின் அச்சுப் பிரதி ஒன்றை, 1890இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் 13 வயதுச் சிறுவன் கண்டெடுத்தான். அவன்தான் பின்னாளில் பெரும் கலைஞரான பப்லோ கசால்ஸ். அவர் வாசித்த பிறகே உலகம் இவற்றைக் கவனித்தது.

அன்னா மக்டலேனா 1760இல் இறந்தபோது பிறர் தரும் உதவியில் வாழும் ஏழை விதவையாக இருந்தார். அவர் எழுதிய தாள்கள் இன்று நூலகத்தில் காக்கப்படுகின்றன.

ராத்தாவின் கொப்பி

அடுத்தது செவ்வியல் காலம். அதன் பெரிய பெயர் வொல்ஃப்காங் அமடியஸ் மொசார்ட் (1756 - 1791). 35 வருடங்களே வாழ்ந்தவர். ஆனால் அவருடைய படைப்புகளின் பட்டியல் 600ஐத் தாண்டும்.

மொசார்ட்டுக்கு ஒரு ராத்தா இருந்தாள். பெயர் மரியா அன்னா, வீட்டில் நனெர்ல் என்று அழைப்பார்கள். நாலரை வயது மூத்தவள். அவளுக்குப் பியானோவின் முன்னோடியான வாத்தியத்தைப் படிப்பிப்பதற்காக, தந்தை லியோபோல்ட் 1759இல் ஒரு கொப்பியைத் தயார் செய்தார். தம்பி இசை பழகியது அந்தக் கொப்பியில்தான். ஐந்து வயதாவதற்கு முதல் நாள் இரவு, அரை மணித்தியாலத்தில் ஒரு பாடத்தைப் படித்து முடித்தான் என்று தந்தை அதில் குறித்து வைத்திருக்கிறார். மொசார்ட்டின் முதல் ஆக்கங்கள் எழுதப்பட்டதும் அதே கொப்பியில்தான். மொசார்ட் என்ற மேதை தொடங்கியது ராத்தாவின் கொப்பியிலிருந்து.

இருவரையும் கூட்டிக்கொண்டு தந்தை ஐரோப்பாவின் அரண்மனைகள் எங்கும் சென்றார். இருவரையும் மக்கள் வியந்தார்கள். நனெர்ல் 18 வயதை அடைந்தபோது பயணம் நின்றது. தந்தையும் தம்பியும் இத்தாலிக்குப் போனார்கள், அவள் தாயுடன் வீட்டில் நின்றாள். அவளும் இசையமைத்தாள் என்பது, தம்பி அதைப் பாராட்டி எழுதிய கடிதத்தால் தெரிகிறது. ஆனால் அவள் எழுதியதில் ஒரு வரி கூட இன்று இல்லை. யாரும் வைத்திருக்கவில்லை.

தம்பியின் கடிதங்களை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். தம்பி இறந்த பின்னர் அவருடைய வரலாற்றை எழுத வந்தவர்களுக்குச் சிறுபராயச் செய்திகளைச் சொன்னவளும் அவள்தான். 78 வயது வரை வாழ்ந்து 1829இல் இறந்தாள்.

கேட்காத காதுக்குள் ஒரு சிம்பொனி

இனி நமது பாண் மெட்டின் சொந்தக்காரர். செவ்வியல் காலத்தை ரொமான்டிக் காலத்தோடு இணைத்தவர் பீத்தோவன் (1770 - 1827). அவருடைய மூன்று சிம்பொனிகளைத் தெரிந்துகொண்டால் போதும், ஐரோப்பிய இசை எவ்வாறு மாறியது என்பது விளங்கும். சிம்பொனி என்பது பெரிய வாத்தியக் குழுவுக்காக, பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமைக்கப்படும் நீண்ட படைப்பு.

மூன்றாம் சிம்பொனியை அவர் நெப்போலியனுக்கு உரியதாக எண்ணியே எழுதினார். மக்களாட்சியின் வீரன் என்று நம்பியிருந்தார். 1804இல் நெப்போலியன் தன்னைப் பேரரசன் ஆக்கிக்கொண்ட செய்தி வந்ததும், முகப்புத் தாளில் இருந்த அவன் பெயரைச் சுரண்டி அழித்தார். அந்தத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. இன்றும் வியன்னாவில் அதைக் காணலாம். வகுப்பில் நான் சொன்ன கோபம் இதுதான்.

ஐந்தாம் சிம்பொனி மூன்று குறுகிய சுரங்களோடும் ஒரு நீண்ட சுரத்தோடும் தொடங்கும். 1808 டிசம்பர் 22ஆம் திகதி, கடுங்குளிரில், நான்கு மணித்தியாலம் நீண்ட ஒரு நிகழ்ச்சியில் முதன்முறை வாசிக்கப்பட்டது. பயிற்சி போதவில்லை. அன்று அந்நிகழ்ச்சியில் வேறொரு படைப்பை இடையில் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற சிம்பொனி அரங்கேறியது அப்படியான ஒரு நாளில்.

ஒன்பதாம் சிம்பொனி 1824 மே 7இல் அரங்கேறியபோது பீத்தோவனுக்குக் காது ஏறக்குறைய முற்றாகக் கேட்கவில்லை. சிம்பொனிக்குள் மனிதக் குரல்களைச் சேர்த்து ஒரு புதிய வழியை அவர் அதில் திறந்தார். அதன் இறுதிப் பகுதியில் பெரிய மேளமும் கைத்தாளமும் முக்கோணக் கம்பியும் ஒலிக்கும் ஓர் அணிநடை வருகிறது. அந்தச் சேர்க்கை உதுமானியப் படையின் வாத்தியக் குழுவைப் பார்த்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டது. மொசார்ட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். வாசித்து முடிந்ததும் சபை ஆரவாரித்தது. பீத்தோவனுக்கு அது கேட்கவில்லை. சபைக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். பாடகிகளில் ஒருவரான கரோலின் உங்கர் அவரைத் தொட்டுத் திருப்பினார். அப்போதுதான் அசைகின்ற கைகளை அவர் கண்டார். அந்தக் கைப்பிரதியை 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஒரே வீடு, இரண்டு பிள்ளைகள்

மாணவியின் கேள்விக்கு நேரான பதில் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. பேர்லினில் வாழ்ந்த செல்வந்தரான ஏப்ரஹாம் மெண்டெல்சோனுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவள் ஃபனி, 1805இல் பிறந்தவள். அடுத்தவன் ஃபீலிக்ஸ், 1809இல் பிறந்தவன். தந்தை இருவருக்கும் ஒரே ஆசிரியர்களை வைத்து ஒரே பாடத்தைப் படிப்பித்தார். 13 வயதில் ஃபனி, பாக் எழுதிய 24 ஆக்கங்களை மனப்பாடமாக வாசித்துக் காட்டினாள்.

1820இல், அவளுக்கு 14 வயதாக இருக்கும்போது, தந்தை அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்பிக்கு இசை தொழிலாக அமையலாம், உனக்கு அது ஓர் அலங்காரமாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏப்ரஹாம் கெட்ட தந்தை அல்லர். மகளின் படிப்புக்குப் பணமும் கவனமும் தாராளமாகக் கொடுத்தவர். கதவை இறுதிவரை திறந்து வைத்துவிட்டு, வாசற்படியில் மறித்தார். அவ்வளவுதான்.

ஃபனி எழுதுவதை விடவில்லை. அவளுடைய ஆறு பாடல்கள் தம்பியின் பெயரில், தம்பியின் புத்தகங்களில் அச்சாகின. 1842இல் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி ஃபீலிக்ஸை அழைத்து, அவருடைய பாடல்களில் தனக்கு மிகப் பிடித்ததைத் தானே பாடிக்காட்டினார். அது தன்னுடையதல்ல, தன் சகோதரியுடையது என்று ஃபீலிக்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஃபீலிக்ஸின் புகழுக்கு ஒரு பெரிய நியாயமும் உண்டு. பாக் 1727இல் எழுதிய 'புனித மத்தேயுவின் பாடுகள்' என்ற தேவாலய இசைப் படைப்பு, அவர் இறந்த பின்னர் பல பத்தாண்டுகள் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. 1829 மார்ச் 11ஆம் திகதி, 20 வயது இளைஞனான ஃபீலிக்ஸ் அதைப் பேர்லினில் மீண்டும் அரங்கேற்றினார். பாக் மறுபடி உலகுக்குக் கிடைத்தார். அந்த அரிய படைப்பின் பிரதியை அவருக்குக் கொடுத்தது யார் தெரியுமா? தாயின் தாய், அதாவது அவருடைய உம்மும்மா. பாடகர் குழுவில் ஃபனியும் நின்றாள்.

திருமணத்தின் பின்னர், ஓவியரான கணவர் அவளை எழுதும்படி ஊக்கப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் வீட்டிலேயே அவள் இசை நிகழ்ச்சிகள் நடத்தினாள். அவளுடைய ஆக்கங்களை வெளியிட உதவும்படி 1837இல் தாய் ஃபீலிக்ஸைக் கேட்டார். ஃபீலிக்ஸ் உடன்படவில்லை. குடும்பப் பொறுப்பு அவளுக்குப் போதும் என்றார். கடைசியில் 1846இல், 40 வயதில், தம்பி என்ன நினைப்பானோ என்ற பயத்தோடு ஃபனி தன் சொந்தப் பெயரில் முதற் புத்தகத்தை வெளியிட்டாள். தம்பி வாழ்த்து அனுப்பினார். அடுத்த வருடம் மே மாதத்தில், தம்பியின் படைப்பு ஒன்றுக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்தாள். அதிர்ச்சியில் நொந்துபோன ஃபீலிக்ஸும் ஆறு மாதங்களுக்குள் காலமானார்.

ஃபனி எழுதியவை 450க்கும் மேல். கதை அவளுடைய மரணத்தோடும் முடியவில்லை. 1828இல் அவள் எழுதிய ஒரு பியானோ ஆக்கத்தின் கைப்பிரதி 1970இல் பரிஸில் கிடைத்தது. இவ்வளவு சிறந்த ஆக்கம் ஃபீலிக்ஸுடையதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அவருடைய பெயரிலேயே ஒலிப்பதிவும் செய்தார்கள். 2010இல் ஓர் ஆய்வாளர் கையெழுத்தையும் பக்க எண்களையும் ஒப்பிட்டு, அது ஃபனியின் கொப்பியிலிருந்து பிரிந்த தாள்கள் என்று நிறுவினார். 2017 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, இலண்டனில் அது ஃபனியின் பெயராலேயே வாசிக்கப்பட்டது. தன் பெயர் தன் படைப்பில் ஏற அவளுக்கு ஏறக்குறைய 190 வருடங்கள் எடுத்தன.

திறந்த கதவு

அதே காலத்தில், அதே நாட்டில் இன்னொரு பெண் இருந்தாள். கிளாரா ஷூமன் (1819 - 1896). அவளுடைய தந்தை கண்டிப்பானவர். ஆனால் மகள் மேடைக்குரியவள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 16 வயதில் அவள் தானே எழுதிய பியானோ கொன்செர்ட்டோவைத் தானே வாசித்தாள். அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் ஃபீலிக்ஸ் மெண்டெல்சோன். இசையமைப்பாளரான கணவர் ரொபர்ட் ஷூமன் 1856இல் மனநோயால் பாதிக்கப்பட்ட நிலையில் இறந்தபோது, ஏழு பிள்ளைகள் அவளை நம்பி இருந்தார்கள். ஐரோப்பா எங்கும் பயணம் செய்து வாசித்து, அந்த உழைப்பில் குடும்பத்தைக் காத்தாள். கணவரின் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டாள். ஆனால் பெண்ணுக்கு இசையமைப்பு உரியதல்ல என்ற எண்ணம் அவளுக்குள்ளும் இருந்தது. நாட்குறிப்பில் அப்படி எழுதியிருக்கிறாள். கணவர் இறந்த பின்னர் அவள் புதிதாக எழுதியது மிகக் குறைவு. ஐரோப்பாவில் யூரோ வருவதற்கு முன், ஜேர்மனியின் 100 மார்க் நாணயத்தாளில் இருந்த முகம் கிளாராவினுடையது.

ஆகவே, மகள், உன் கேள்விக்கு என் பதில் இது: பெண்களும் எழுதினார்கள். சிலருடைய தாள்களை யாரும் வைத்திருக்கவில்லை. சிலருடைய தாள்களில் வேறு பெயர் ஏறிவிட்டது. ஆண்களின் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் பலமுறை பெண்களாகவே இருந்தார்கள்.

என் வீட்டில் நடந்தது

இதை எழுதும்போது ஒன்றை மறைத்தால் நேர்மையாகாது. என் மூத்த ராத்தா படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. சாதாரண தரத்தோடு படிப்பு நின்று, திருமணம் நடந்தது. பாடசாலைக் காலத்தில் அவர் ஒரு சீ.ஆர். கொப்பி நிறையக் கவிதை எழுதி வைத்திருந்தார். எங்கள் நானாவின் கல்யாணத்துக்கு வீட்டைத் திருத்தியபோது, பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்கும் சாமான்களை ஒதுக்கியவள் நான். நானாவின் பல்கலைக்கழகக் குறிப்புகளை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டி, அலுமாரியின் மேல் வைத்தேன். ராத்தாவின் கொப்பியை நிறுவைக்குப் போட்டேன்.

சில மாதங்களின் பின் ராத்தா வந்து, "என்ட நீலக் கொப்பி எங்க?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, அது கிடக்கட்டும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வரலாறு படிப்பிக்கும் எனக்கு, நான் செய்தது என்னவென்று நனெர்லின் கதையை வாசிக்கும்வரை விளங்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்தக் கொப்பி முக்கியம் என்று நானே தீர்மானித்தேன்.

பாடம் என்றால் பயிற்சியும் இருக்க வேண்டும். மாணவிகளே, நீங்கள் எழுதும் கவிதையோ, வரையும் படமோ, கண்டுபிடிக்கும் கணக்கு வழியோ எதுவானாலும் தாளில் உங்கள் பெயரையும் திகதியையும் போடுங்கள். வீட்டில் உம்மும்மாவின் பழைய அறபுத் தமிழ்க் கைப்பிரதியோ, அவர் பாடும் தாலாட்டோ இருந்தால், கேட்டு எழுதி வையுங்கள். பாக்கின் மனைவி செய்ததைவிடச் சிறிய வேலை அல்ல அது.

பெற்றோரே, உங்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். மகளின் கொப்பிகளை ஒதுக்குமுன் அவளிடம் ஒரு சொல் கேளுங்கள். 14 வயதில் அவளிடம் நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வார்த்தையை அவள் நாற்பது வயது வரை சுமக்கக்கூடும்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ராத்தாவுக்கு ஒரு புதிய சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஞாபகம் இருப்பவற்றை எழுதுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். இப்போது எழுதுகிறார். இதுவரை ஏழு கவிதைகள் வந்திருக்கின்றன. மற்றவை ஞாபகமில்லை என்கிறார்.